ரன்னிங் ரூமில் தொடங்கிய நூலகம்: சூரமங்கலத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

"அப்பா புத்தகத்தையெல்லாம் எடைக்குப் போடாம, மாடியைக் காலி பண்ண ஏதாவது வழி இருக்கா சார்?"

அந்த வீட்டின் இளைய மகள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். சேலம் மாவட்டக் கிளை நூலகங்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பகுதியில் யாராவது இறந்துபோய் வீட்டில் புத்தகங்கள் மிஞ்சினால் என்னைக் கூப்பிடுவார்கள். ஆனால் இங்கே புத்தகங்களுக்கு உரியவர் நல்லபடியாக இருந்தார். வயது 74. தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து படிக்கிறவர். அவரைக் கேட்காமல் மகள் என்னிடம் வந்திருந்தார்.

"முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் கூப்பிட்டால் வருகிறேன்" என்று அனுப்பிவிட்டேன். நான்கு நாள் கழித்து அவரே போன் செய்தார். "தம்பி, மாடியில தரை அதிருதுன்னு எல்லாரும் பயப்படறாங்க. ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லுங்க." அந்த ஒரு தடவை இன்றுவரை வாரம் இரண்டு நாளாக நீண்டிருக்கிறது. பெயரும் தெருவும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு எழுத அனுமதி தந்திருக்கிறார். இனி அவரை அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன், நேரில் கூப்பிடுவதும் அப்படித்தான்.

புத்தகம் சேர்ந்த விதம்

அண்ணன் தெற்கு ரயில்வேயில் கார்டாக இருந்தவர். இப்போது அந்தப் பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர், 2022இல் மாற்றினார்கள். அவர் வேலையில் சேர்ந்தபோது சேலம் கோட்டமே கிடையாது. அது 2007இல்தான் வந்தது. அதுவரை சேலம் ஜங்ஷன் பாலக்காட்டுக் கோட்டத்தின் கீழ் இருந்தது. பெரும்பாலும் சரக்கு ரயில். ஜோலார்பேட்டை, ஈரோடு என்று போய் இறங்கி, அடுத்த வண்டி கிடைக்கும்வரை, ரயில் ஊழியர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் ஓய்வு. தூங்கியது போக மிஞ்சிய நேரத்தில் மற்றவர்கள் சீட்டு விளையாடினார்கள், இவர் ஊருக்குள் நடந்துபோய்ப் பழைய புத்தகக் கடையைத் தேடினார்.

கார்டுகளுக்கு அந்தக் காலத்தில் லைன் பாக்ஸ் என்று ஓர் இரும்புப் பெட்டி உண்டு. சிவப்பு, பச்சைக் கொடிகள், கைவிளக்கு, ஆபத்தில் தண்டவாளத்தின் மேல் வைக்கும் வெடி, விதிப் புத்தகம் எல்லாம் அதற்குள் இருக்கும். அவற்றுக்குக் கீழே எப்போதும் இரண்டு மூன்று புத்தகங்கள் கிடந்ததாகச் சொன்னார். பணியில் இருக்கும்போது ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை என்று அழுத்தமாகச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

இந்த ஆய்வுக்கே அடிப்படையான ஒரு பழக்கம் அவருக்கு வேலையிலிருந்து வந்தது. கார்டுகள் ஒவ்வொரு பயணத்துக்கும் ரஃப் ஜர்னல் எழுத வேண்டும். எந்த நிலையம், எத்தனை மணிக்கு வந்தோம், எப்போது கிளம்பினோம், தாமதம் ஏன் என்று. அதே முறையில் ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும் அவர் எழுதியிருக்கிறார். ஒன்றை மட்டும் இங்கே தருகிறேன்: "22.8.79. ஜோலார்பேட்டை. வண்டி 4 மணி நேரம் தாமதம். நடைபாதைக் கடை. ரூ. 1.25. மழை."

1968இல் வாங்கிய முதல் புத்தகத்திலிருந்து 2010இல் ஓய்வு பெற்ற மாதம் வரை இப்படி எழுதிய நூல்கள் 4,318. ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு. பாஸ் இருந்ததால் வெளியூர்க் கடைகளும் கைக்கெட்டின. மதுரை டவுன்ஹால் ரோடு, கோவை உக்கடம், சென்னையில் மூர் மார்க்கெட். 1977இல் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கிய பிறகு தை மாதம் லீவு அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. மூர் மார்க்கெட் என்று குறித்த நூல்கள் மட்டும் 61. அந்தச் சந்தை 1985இல் தீயில் அழிந்துபோனது. எந்தக் கடையில் என்ன விலைக்கு எந்த நூல் கிடைத்தது என்பதற்கு இந்த 61 உள்ளட்டைகளும் சாட்சி.

அதுவரை எல்லாம் ஒழுங்கு. தரைதளத்துக் கூடத்தில் நான்கு மர அலமாரிகள், மாடியில் ஓர் அறை. வீட்டில் யாருக்கும் புகார் இல்லை.

புத்தகங்கள் பெருகியது ஓய்வுக்குப் பிறகுதான். மகள்களும் அண்ணியும், "பென்ஷன் பணத்தில் வாங்கித் தள்ளுகிறார்" என்று நினைத்திருந்தார்கள். பதிவுகளைக் கூட்டிப் பார்த்தபோது வேறு கதை வந்தது. 2010க்குப் பிறகு சேர்ந்தவை 3,528. அவற்றில் அவர் காசு கொடுத்து வாங்கியவை 1,040 மட்டுமே. மீதி 2,488 நூல்களும் மற்றவர்கள் வீட்டிலிருந்து வந்தவை. 23 வீடுகள். சக ஊழியர், பள்ளி ஆசிரியர், பக்கத்துத் தெரு வக்கீல், சேலம் குகைப் பகுதியில் ஒரு மளிகைக்கடைக்காரர். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: "அப்பா போயிட்டாருங்க. எடைக்குப் போட மனசு வரல. நீங்க வச்சுக்கங்க."

புத்தகம் படிக்கிறவர் என்று பெயரெடுத்த ஒருவரிடம் மற்ற வாசகர்களின் மிச்சமெல்லாம் வந்து சேர்ந்துவிடுகிறது. வேண்டாம் என்றால் அது நேரே காகிதக்கடைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும், அதனால் சொல்ல வாய் வராது. என் வேலையில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் எண்ணிக்கையில் பார்த்தது இதுதான் முதல் முறை. அண்ணிக்கும் அது புதுச் செய்தியாக இருந்தது. அன்றிலிருந்து அவர் குரலில் ஒரு தணிவு வந்தது.

எடை

நான் முதலில் போய் நின்றபோது மாடி அறையில் 5,200 நூல்கள் இருந்தன. அறை 14 அடிக்கு 12 அடி. மூன்று சுவரோரம் ஏழடி உயர இரும்பு அலமாரிகள், ஒவ்வொரு தட்டிலும் இரட்டை வரிசை. அது போதாமல் அறையின் நட்டநடுவில் முதுகோடு முதுகாக இரண்டு அலமாரிகள்.

தமிழ்ப் பேப்பர்பேக் நூல்கள் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். இரட்டை வரிசை என்றால் 40. ஆறு தட்டுக்கு 240 கிலோ. அந்த 240 கிலோவும் ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்தில் தரையில் இறங்குகிறது. சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் 650 கிலோவைத் தாண்டுகிறது. நம் நாட்டுக் கட்டட விதியில் வீட்டு அறைக்கு எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. நூலகத்தின் அடுக்கு அறைக்கு 600. வீட்டைக் கட்டியவர் படுக்கையறை என்று நினைத்துத்தான் கம்பி போட்டிருப்பார்.

தெரிந்த கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் போனேன். சுவரோரம் இருப்பதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. சுமை கீழ்ச்சுவரில் நேராக இறங்கிவிடும், அறை முழுவதற்குமான சராசரியும் அவ்வளவு மோசமில்லை என்றார். நடு அலமாரிகளைக் காட்டி, "இதை இன்னிக்கே இறக்குங்க" என்றார். தளம் அதிர்ந்தது அங்கேதான். அன்று மாலையே நாங்கள் ஐந்து பேர் கைமாற்றிக் கைமாற்றி 1,100 புத்தகங்களைக் கீழே இறக்கினோம். படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தது அண்ணி. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தனை புத்தகங்களையும் தொட்டது அன்றுதான் என்று சொன்னார்.

ஏற்காட்டுக்குப் போன 24 பெட்டிகள்

இந்த நிகழ்வில் பெரிய சேதம் எங்கள் சேலத்து வெயிலால் வந்ததில்லை. அது மலையில் நடந்தது.

நான் வந்த அதே ஆண்டு ஆடி மாதம், மூத்த மகளின் கணவர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றை ஒட்டி அவர் குடும்பத்துக்குச் சின்ன வீடு உண்டு, பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். கொஞ்சம் புத்தகங்களை அங்கே வைத்தால் இங்கே மூச்சு விடலாம், குளிர்ச்சியான இடம், புத்தகத்துக்கும் நல்லதுதானே? கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. 620 நூல்களை 24 அட்டைப்பெட்டிகளில் கட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, குட்டியானை என்கிற சின்ன லாரி ஒன்றில் ஏற்றி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறக்கிவிட்டு வந்தார்கள்.

ஏழு மாதம் யாரும் திறந்து பார்க்கவில்லை.

சேர்வராயன் மலையில் ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் அங்கே பெய்யும். மழை இல்லாத நாளிலும் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வரும். காகிதத்துக்குக் குளிர் நல்லது, அது உண்மை. ஆனால் ஈரமில்லாத குளிராக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் சில நாள் நின்றாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பூட்டிய வீடு, ஓடாத மின்விசிறி, சில்லென்ற சுவரில் ஒட்டி வைத்த பெட்டிகள். அட்டைப்பெட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மேலே சுற்றிய பிளாஸ்டிக் அதை வெளியே விடாது. பாதுகாப்புக்கு என்று செய்தது ஒவ்வொன்றும் எதிராகவே வேலை செய்தது.

பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து கூடத்தில் பிரித்தபோது நல்லவேளையாக நானும் போய்ச் சேர்ந்திருந்தேன். வாடை வாசலிலேயே அடித்தது. 96 நூல்களில் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணம் அப்பியிருந்தது. மருமகன் ஒரு மூலையில் தலைகுனிந்து நின்றார். அண்ணன் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வாங்க மாப்பிள்ளை, மொதல்ல காப்பி குடிப்போம்" என்று உள்ளே அழைத்துப் போனார்.

வெயிலில் காயவைக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றியது. வேண்டாம் என்று தடுத்தேன். நேர்வெயிலில் அட்டை வளையும், மை வெளுக்கும், பூஞ்சண வித்தும் முழுதாகச் சாகாது. பூஞ்சணம் பிடித்தவற்றைத் தனியே பிரித்து, மொட்டைமாடியில் தகரக்கூரை நிழலில், விசிறியாக விரித்து நிறுத்தி, மேசை மின்விசிறியைச் சற்றுத் தள்ளி வைத்து ஓடவிட்டோம். மாசி மாதத்து வறண்ட காற்று பெரிய துணை. நன்றாகக் காய்ந்து பூஞ்சணம் பொடியான பிறகுதான் பிரஷ்ஷால் தட்டினோம். ஈரத்தோடு துடைத்தால் அது காகிதத்துக்குள் இழுபட்டுவிடும். முகக்கவசம், கையுறை இரண்டும் கட்டாயம், அண்ணனை மட்டும் அந்தப் பக்கமே விடவில்லை. அவருக்கு மூச்சுத் தொந்தரவு உண்டு. கடைசியில் 31 நூல்களைக் கைவிட வேண்டி வந்தது. மற்ற 65இலும் கறை இருக்கிறது, ஆனால் படிக்கலாம்.

மற்ற சேதங்கள்

கூடத்து மர அலமாரி ஒன்றின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. அங்கே மண்கோடு. 43 நூல்களைக் கரையான் உள்ளேயிருந்து தின்றிருந்தது. வெளியே பார்த்தால் முதுகு அப்படியே இருக்கும், எடுத்தால் கையில் மண் கொட்டும். அண்ணன் முன்பொருமுறை மண்ணெண்ணெய் தெளித்துப் பார்த்திருக்கிறார். கரையான் கொஞ்ச நாள் வழி மாறிப் போய் மறுபடி வந்ததுதான் மிச்சம். தரையோரம் துளையிட்டு மருந்து செலுத்த ஆள் வைத்தோம், எல்லா அலமாரிகளையும் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிறுத்தினோம். இந்த மூன்று அங்குலத்தை முதல் நாளே விட்டிருந்தால் அந்த 43 நூல்களும் இருந்திருக்கும்.

ராமபாணப் பூச்சிக்குப் பிடித்தது பைண்டிங் பசை. பழைய பைண்டர்கள் மைதாப் பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் போடுவார்கள், அதனால் அவர்கள் கட்டிய நூல்களில் பூச்சி ஏறவில்லை. துத்தம் போடாத பசையில் ஒட்டியவற்றில் முதுகு முழுக்க அரிப்பு. எல்லாத் தட்டிலும் அந்துருண்டை போட்டிருந்தார்கள். அறையில் உட்கார்ந்தால் தலைவலி வருமே தவிர, அதை நம்பி இருக்க முடியாது. பூச்சி உள்ள நூல்களை உறைய வைப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. தெருமுனை ஐஸ்கிரீம் கடைக்காரர் மழைக்காலத்தில் காலியாகக் கிடந்த ஃபிரீசரைக் கொடுத்தார். மைனஸ் 18, 20 டிகிரிக்கு அது போகும். நூல்களைக் காற்றுப் புகாத பையில் இறுக்கிக் கட்டி இரண்டு வாரம் வைத்தோம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக்கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே கிடந்து அறைச்சூட்டுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் காகிதத்தில் வியர்த்துவிடும்.

நொறுங்கிப் போனவை 84. பெரும்பாலும் 1960, 70களின் மலிவு விலைக் கதைகள், மட்டமான தாள். மரக்கூழில் இருக்கும் லிக்னினும், தாளில் சேர்த்த படிகாரத்தின் அமிலமும் காகிதத்தை உள்ளிருந்தே அரிக்கும். சேலத்தின் சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறை அதை இன்னும் விரைவாக்கும். பக்கத்தைத் திருப்பினால் அப்பளம் மாதிரி உடைகிறது. அதே காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்பிய நூல்களோ, தையல் பிரியாமல், அட்டை தொங்காமல் அப்படியே நிற்கின்றன. அவற்றையும் அவர் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்குத்தான் வாங்கினார்.

அண்ணன் மனம் உடைந்த இடம் ஒன்று உண்டு. 1980களில் கிழிந்த பக்கங்களையெல்லாம் அவரே உட்கார்ந்து செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார். அந்தப் பசை இப்போது பழுப்பாகி எழுத்தின் மேல் பரவி, டேப் மட்டும் கழன்று விழுகிறது. "நல்லதுன்னு நெனச்சுத்தான் ஒட்டினேன் தம்பி" என்றார். அன்று இந்த ஊரில் எந்த நூலகத்திலும் வேறு முறை இருந்ததில்லை, நானும் என் கையால் அப்படித்தான் ஒட்டினேன் என்று அவரிடம் சொன்னேன். அது உண்மை.

எதை வைப்பது

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் கடைசி விதி, நூலகம் ஒரு வளரும் உயிர் என்பது. வீட்டு நூலகத்துக்கும் இது பொருந்தும். ஆனால் பொது நூலகத்துக்குக் கட்டடம் பெருகும், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நூலக வரி வரும். வீட்டுக்கு அந்த வசதி எதுவும் இல்லை. இருக்கிற சுவர்தான்.

பொதுவாக இப்படிப்பட்ட வீடுகளில், நல்ல புத்தகத்தை வைத்துக்கொண்டு சின்னச் சின்னதையெல்லாம் தள்ளுவார்கள். பெரிய எழுத்தாளர்களின் முழுத்தொகுதிகள் இருக்கும், பழைய துண்டு வெளியீடுகள் காகிதக்கடைக்குப் போகும். இளைய மகளும் அப்படித்தான் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார். நான் அதைத் தலைகீழாக்கச் சொன்னேன். என் அனுபவத்தில் இது ஒன்றில்தான் எனக்கு உறுதி அதிகம். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்கள் கடையில் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. பழைய இலக்கியங்களை 1998 முதல் மதுரைத் திட்டம் மின்னூலாக்கி வருகிறது, தமிழ் இணையக் கல்விக்கழகமும் நிறைய வைத்திருக்கிறது. அவை இந்த வீட்டில் இல்லாமல் போனால் இழப்பு அண்ணனுக்கு மட்டும். பரணில் இரண்டு தகரப்பெட்டிகளில் கிடந்த 1,310 துண்டு வெளியீடுகள் போனால் இழப்பு ஊருக்கு.

என்ன இருந்தது அதில்? டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கி, ஏற்காடு சாலையில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் பாட்டுப் புத்தகங்கள். கொட்டகையில் அணாக்கணக்கில் விற்றது. கதைச்சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நோட்டீஸ்கள். அம்மாப்பேட்டை, குகைப் பக்கத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் ஆண்டறிக்கைகள். ரயில்வே கால அட்டவணைகள். பள்ளி ஆண்டு மலர்கள், நாடக நோட்டீஸ்கள், தேர்தல் துண்டறிக்கைகள், செவ்வாய்ப்பேட்டை அச்சகங்களின் சிறு நூல்கள். 1944 ஆகஸ்ட் 27இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இந்தச் சேலத்தில்தான். அப்படி அரசியல் நடந்த ஊரில் எத்தனை துண்டறிக்கை அச்சாகியிருக்கும், அதில் எத்தனை இன்று மிஞ்சியிருக்கும்?

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் கதையை மகள்களுக்குச் சொன்னேன். அவர் தனி மனிதராகச் சேர்த்தது சுமார் ஒரு லட்சம். புத்தகங்களோடு நிற்காமல் நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எறிந்ததையும் எடுத்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சேகரிப்பை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே வைக்க, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. நம் அண்ணனுடையது அந்த அளவில்லை. ஆனால் சேலத்தைப் பற்றி மட்டும் தேடுகிற ஒருவருக்கு இந்த இரண்டு தகரப்பெட்டிகளின் மதிப்பு அதிகம்.

ஆகவே மூன்று கேள்வி வைத்துக்கொண்டோம். அண்ணன் மறுபடி படிக்க விரும்புகிறாரா? வேறெங்கும் சுலபமாகக் கிடைக்குமா? உள்ளட்டையில் அவர் கையெழுத்தோ முன்பு வைத்திருந்தவரின் குறிப்போ இருக்கிறதா? மூன்றிலும் தேறாதவை 1,370. இரட்டைப் பிரதிகள் 412. அழிந்தவை, கரையான், பூஞ்சணம், நொறுங்கியது மூன்றும் சேர்த்து 158. எல்லாம் கழித்து 5,906 நூல்கள் நின்றன. வெளியே போக வேண்டியவற்றை முதலில் ஒரு கல்லூரி நூலகத்துக்குத் தருவதாகப் பேசினோம். ஆறு வாரம் இழுத்தடித்துவிட்டு, புதிய பதிப்புகள் இருந்தால் மட்டும் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு வருத்தம்தான். அப்புறம் நான்கு அரசுப் பள்ளிகளுக்கும் ஒரு மாணவர் விடுதிக்கும் பிரித்துக் கொடுத்தோம். அது நல்லதாகவே முடிந்தது. கொடுத்த ஒவ்வொரு பள்ளிக்கும் அண்ணன் நேரில் வந்தார்.

பட்டியலும் குரலும்

செல்போனில் பார்கோடை வருடினால் விவரம் வந்துவிடும் என்று பேத்தி உற்சாகமாகத் தொடங்கினாள். பத்தில் எட்டு நூலில் பார்கோடே இல்லை. இருந்த சிலவற்றிலும் விவரம் வரவில்லை. எல்லாவற்றையும் கையால் அடிக்க வேண்டியிருந்தது. பழைய நூல்களில் ஆங்கில ஆண்டு இல்லாமல் துந்துபி ஆண்டு என்று மட்டும் போட்டிருப்பார்கள். அறுபது ஆண்டுச் சுற்றில் அது 1922ஆகவும் இருக்கலாம், 1982ஆகவும் இருக்கலாம். எழுத்தைப் பார்த்துத் தீர்த்தோம்: 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் என்றால் ணா, றா, னா, லை எல்லாம் பழைய சுழியில் இருக்கும். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31 கழித்தால் போதும். பேத்திக்கு இது விளையாட்டாகிவிட்டது. நெடுங்கணக்கையும் பிழையில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்து, பட்டியல் பாதி முடிந்திருந்தபோது, என் வேலையில் இருந்த ஒரு பெரிய குறை தெரிந்தது. ஒரு பாட்டுப் புத்தகத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். அண்ணன் எட்டிப் பார்த்து, "இது நான் வாங்குனது இல்ல. கேட்மேன் ஒருத்தர் குடுத்தது. அவரோட அப்பா ஸ்டுடியோவுல தச்சு வேலை பாத்தவர். இந்தப் படத்துல வர்ற அரண்மனைக் கதவு அவர் செஞ்சதாம்" என்றார்.

என் பட்டியலில் தலைப்பு, ஆண்டு, அச்சகம், பக்கம், நிலை என்று ஒன்பது கட்டம் இருந்தன. இதை எழுத ஒரு கட்டமும் இல்லை. 31 ஆண்டு அந்த ஒன்பது கட்டத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதல் முறையை மாற்றினோம். ஒரு தட்டு, இருபது நிமிடம். செல்போனை நாற்காலி மேல் வைத்துவிட்டு, நான் ஒவ்வொரு நூலாக எடுத்துக் கொடுப்பேன், அவர் பேசுவார். சிலவற்றுக்கு ஒரே வரி: "படிச்சேன், பிடிக்கல." சிலவற்றுக்குப் பத்து நிமிடம். பொம்மிடியில் வண்டி நின்ற இரவு, மொரப்பூரில் கிடைத்த அரைப் புத்தகம், மீதிப் பாதியை ஒன்பது ஆண்டு கழித்து மதுரையில் கண்டுபிடித்தது. கைமாறி வந்த 2,488 நூல்களைப் பற்றியும் அவருக்கு நினைவிருந்தது. எந்த வீடு, யாருடைய அப்பா, அவர் என்ன வேலை பார்த்தார், எந்தப் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறார். அந்தக் குடும்பங்களில் பலருக்கே அது தெரியாது. இதுவரை 118 பதிவுகள் ஆகியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அலமாரி எண், தட்டு எண் போட்டு, மூன்று இடத்தில் பிரதி வைத்திருக்கிறோம்.

பதிவின்போது அண்ணி கதவோரம் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார், கீரை ஆய்வார். அவ்வப்போது திருத்துவார். "அது எழுபத்தொம்பது இல்லைங்க, பெரியவளுக்கு அம்மை போட்டிருந்த வருஷம்." அந்தத் திருத்தங்களையும் அப்படியே வைத்திருக்கிறோம்.

இன்றைய நிலை

மாடியில் சுவரோரம் மட்டும் அலமாரிகள், ஒற்றை வரிசை. மொட்டைமாடிக்கு வெள்ளைக் குளிர்பூச்சு அடித்ததில் மதியச் சூடு கொஞ்சம் தணிந்தது. நூறு ரூபாய்ச் சொச்சத்துக்கு வாங்கிய ஈரப்பதமானி ஒன்று ஆணியில் தொங்குகிறது. மழைநாளில் முள் 65ஐத் தாண்டினால் ஜன்னலைச் சாத்தி விசிறியைப் போட வேண்டும். அது அண்ணி பொறுப்பு. துண்டு வெளியீடுகளில் துருப்பிடித்த குண்டூசி, உருகிப்போன ரப்பர் பேண்டு எல்லாம் எடுத்து, தனித்தனித் தாளுறையில் போட்டாகிவிட்டது. அவை அண்ணனின் காலத்துக்குப் பிறகு எங்கே போக வேண்டும் என்று அவர் கையால் எழுதி, மகள்கள் இருவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

ஓராண்டில் 214 நூல்கள் வந்தன, 131 போயின. மொத்தம் 5,989. ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்று அண்ணி போட்ட சட்டம் முழுதாக நடக்கவில்லை. வெளியிலிருந்து வருவதை நிறுத்த என்னால் முடியவில்லை, முயலவும் இல்லை. ஆனால் வருவது எதுவும் இப்போது நேரே உள்ளே போவதில்லை. வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் டிரம், இறுக்கமான மூடி. அதில் இரண்டு வாரம் கிடக்கும். பூச்சி இருந்தால் ஐஸ்கிரீம் கடைக்கு, இல்லாவிட்டால் மூன்று கேள்விக்கு. கொண்டுவருகிறவர்களை உட்காரவைத்து, அவர்கள் அப்பாவைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லிப் பேத்தி பதிவு செய்துகொள்கிறாள். போன மாதம் கிச்சிப்பாளையத்திலிருந்து இரண்டு மூட்டை கொண்டுவந்த ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார்.

தேதியில்லாத துண்டு வெளியீடுகள் 380 இன்னும் பாக்கி. அலமாரிகளில் ஒன்பது முடிந்தது. பத்தாவது, ஈரோட்டில் வாங்கியவை, அடுத்த புதன்கிழமை.